முனீஸ்வரி சொன்ன பயங்கரமான இடம்

முனீஸ்வரியிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்பித்தவர்கள் எங்கள் கம்பெனியில் யாரும் இல்லை. நானும் வாய் உள்ளவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் முன்னால் நான் பாதிகூடத் தேறமாட்டேன். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற துணியை அளந்து வெட்டி, உருட்டி, கட்டுப் போடுவது எங்கள் வேலை. கை அதுபாட்டுக்கு உருட்டிக்கொண்டிருக்கும், வாய் அதுபாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை துணி மூட்டைக்குள் பாம்பு கிடந்தது. நாங்களெல்லாம் மேசைமேல் ஏறி நின்று கத்தினோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினேன். முனீஸ்வரி ஒரு நீளக் கம்பை எடுத்தாள். "ஏலே, ஒனக்குப் படுக்க வேற எடமே கெடைக்கலையா?" என்று திட்டிக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓடையோரம் விட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து உருட்ட ஆரம்பித்தாள். புருஷன் பாண்டிதுரை பட்டாளத்தில் எங்கோ பனிக்குள் நின்ற காலத்தில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொத்தனார்களை விரட்டி வீடு கட்டியவள் அவள். நாற்பது வயதில் மொபெட் பழகி, பழகிய மூன்றாம் நாளே என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். நான் தாலிச் செயினைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்பேர்ப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் இருந்தது. அது அவள் அண்ணன் வீடு.

வத்திராயிருப்பு பக்கம் மகாராஜபுரம் அவளுக்குப் பிறந்த ஊர். அப்பா அம்மா போன பிறகு அங்கே மிச்சம் இருந்தது ஒரே அண்ணன், சோலைச்சாமி. வயலும் தென்னையும் உள்ள மனுஷர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் புது வீடு கட்டினார். பால்காய்ப்பு அன்றைக்குப் புது அடுப்பில் பால் காய்ச்சுவது அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு உள்ள உரிமை. முனீஸ்வரி குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு விடியுமுன்னே பஸ் ஏறினாள். கிருஷ்ணன்கோவிலில் பஸ் படுத்துவிட்டது. வேறு வண்டி பிடித்து, பாதித் தூரம் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் முடியப்போகிறதென்று மதினியின் தங்கச்சியை வைத்துக் காய்ச்சியிருக்கிறார்கள்.

முனீஸ்வரி விளக்கை வாசற்படியில் வைத்தாள். கை நனைக்காமல் திரும்பி நடந்தாள். ஆள் கூட்டத்துக்கு நடுவில் அண்ணன், "போறவ போகட்டும்" என்றார். அவ்வளவுதான். கூப்பிடாமல் போகமாட்டேன் என்று இவள் இங்கே, போனவள்தான் வரவேண்டும் என்று அவர் அங்கே. பேச்சும் கிடையாது, போக்குவரத்தும் கிடையாது. ஒரு பானைப் பாலுக்கு இந்த ரோஷமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். சொன்னால் அவள், "ஒனக்கு என்னட்டி தெரியும், ஒனக்கு அஞ்சு அண்ணன்மாரு" என்பாள். அவள் மகள் சண்முகப்பிரியா ஆளானபோது குச்சு கட்ட மாமன் வரவில்லை. சடங்கு முடிந்த மறுநாள் வேலைக்கு வந்தவள், உருட்டின துணியை முகத்தில் வைத்து அழுததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

இப்போது அந்தப் பிரியாவுக்கே கல்யாணம், தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு மம்சாபுரம். நல்ல ஆட்கள்தான், ஆனால் சம்பந்தம் பேசி முடித்துவிட்டுப் போகும்போது மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "பொண்ணுக்கு மாமன் வந்து மேடையில நின்னாத்தான் ரெண்டு வீட்டுக்கும் மரியாதை. அவிய வருவாகல்ல?" முனீஸ்வரி வாய் கூசாமல், "வராம?" என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என் பக்கத்து மேசையில் சத்தமே இல்லை. முனீஸ்வரி சத்தமில்லாமல் இருந்தால் அது நல்லதற்கில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த சமயத்தில்தான் ஜெனிலா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்களில் சின்னவள் அவள். டீ நேரத்தில் ஒரு படம் காட்டினாள். ஒரு வெள்ளைக்காரன், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நிற்கிறான்.

"அய்யோ பாபம்!" என்று வெங்கடேஸ்வரி நெஞ்சில் கை வைத்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், பதறினால் தெலுங்குதான் முதலில் வரும். "எந்த ஊர்ல ஆக்சிடென்ட்டு?"

முனீஸ்வரி மட்டும் படத்தை உற்றுப் பார்த்தாள். "சுத்தினவன் எவன்? நுனி தொங்குது பாரு. நம்ம சூப்பர்வைசர்னா மூஞ்சியில எறிஞ்சிருப்பாரு."

ஜெனிலா சிரித்து முடித்துவிட்டு விளக்கினாள். அது ஹாலோவீனாம். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி வெளிநாட்டில் பேய் வேஷம் போடுவார்களாம். பயங்கரமான இடமாகத் தேடிப் பிடித்து டூர் போவார்களாம். கேட்டதும் வெங்கடேஸ்வரி, "இந்த வருசம் நாமளும் அப்பிடி ஒண்ணு போனா என்ன?" என்றாள். வருஷத்துக்கு ஒருநாள், பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற நாளாகப் பார்த்து, நாங்கள் வேன் பிடித்து வெளியூர் போவது வழக்கம். திருச்செந்தூர் பார்த்தாயிற்று, மணப்பாடு பார்த்தாயிற்று, குற்றாலத்தில் குரங்கிடம் சோற்றையும் பறிகொடுத்தாயிற்று. இந்தத் தடவை கரண்ட் நிறுத்தும் தேதியும் சரியாக முப்பத்தொன்றில் வந்து விழுந்தது.

நான் எதிர்த்தேன். "நாங்க வேதக்காரங்க, ஏசுவைக் கும்பிடுறவங்க. பேய்னு ஒண்ணு இருக்குன்னே நம்பக்கூடாது" என்றேன். "இல்லாததுக்கு ஏன்க்கா பயப்படுறீங்க?" என்று ஜெனிலா கேட்டாள். அவளும் வேதக்காரிதான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆளுக்கு ஒரு பயங்கரமான இடம் சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. மலையடிவாரத்தில் கதவு ஜன்னல் இல்லாத ஒரு பழைய பங்களா இருக்கிறது, அங்கே ஊஞ்சல் தானாக ஆடும் என்றாள் ஜெனிலா. யாரும் இறங்காத ஒரு கிணற்றைச் சொன்னாள் வெங்கடேஸ்வரி. ஒருத்தி தன் மாமியார் படுக்கிற அறையைச் சொன்னாள், அதற்கு நல்ல கைதட்டல். முனீஸ்வரி முறை வந்ததும், "அவளை விடுங்க, அவளைப் பாத்துப் பேய்தான் பயப்படணும்" என்று வெங்கடேஸ்வரி தாண்டப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு எடம் இருக்கு" என்றாள் முனீஸ்வரி, உருட்டுவதை நிறுத்தாமல். "எங்க அண்ணன் வீட்டு வாசல்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏட்டி, ஒன் அண்ணன் என்ன புலியா?"

"புலின்னா கம்பை எடுத்துருவேனே கிருபை. நான் போயி நின்னு, அவரு 'நீ யாரு'ன்னு கேட்டுட்டாருன்னா? அப்ப நான் என்ன செய்வேன்?"

அவள் கண் கலங்கியிருந்தது. அப்புறம் பங்களாவா, அண்ணன் வீடா என்று ஒரே விவாதம். கடைசியில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார்கள். சம்பந்தம் பேசுவதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் அவர்கள் வீடுகளில் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். கம்பெனி காம்பவுண்டு ஓரத்தில் பறித்த நந்தியாவட்டை ஒரு துணித் துண்டில், செவ்வரளி இன்னொரு துண்டில். வெள்ளை வந்தால் பங்களா, சிவப்பு வந்தால் மகாராஜபுரம். முனீஸ்வரி குலசாமியை நினைத்துக் கும்பிட்டுவிட்டு இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டாள். எடுப்பது யார்? "தேவகிருபை எடுக்கட்டும். அவ வேதக்காரி, எங்க சாமிக்கும் அவளுக்கும் ஒரு வழக்கும் இல்ல" என்றாள் வெங்கடேஸ்வரி.

நான் எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு.

முனீஸ்வரிக்கு வேர்த்துவிட்டது. பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். இறங்க வேண்டாம், வேனை மெதுவாக ஓட்டி வீட்டைத் தாண்டிப் போகவேண்டும், அவள் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள், அப்படியே பிளவக்கல் அணைக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுத் திரும்பிவிடலாம். சரி என்றோம்.

என் சித்தி மகன் எட்வின்தான் வேன் ஓட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தச் சொல்லி நான் ஒரு டப்பா பால்கோவா வாங்கினேன். "உள்ளேயே போகல, இது எதுக்கு?" என்று முனீஸ்வரி சீறினாள். "எனக்குத் திங்க" என்று சொல்லி, டப்பாவை வெங்கடேஸ்வரி மடியில் கொடுத்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எட்வின் வேனில் ஒரு ஜன்னலும் ஒழுங்காக மூடாது. எல்லாரும் தொப்பலாக நனைந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு உலர்த்த ஆரம்பித்தோம். ஜெனிலாவுக்கு அது போதவில்லை. கழித்துப் போட்ட பேண்டேஜ் கொண்டு வந்திருந்தாள். அதைத் தலையில் சுற்றி, வெங்கடேஸ்வரியின் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து நெற்றிப் பக்கம் தடவிக்கொண்டு போட்டோ எடுத்தாள்.

மகாராஜபுரத்துக்குள் நுழையும்போது மழை விட்டிருந்தது. சோலைச்சாமி வீடு இருக்கிற தெருவில் திரும்பினால், நடுத்தெருவில் ஒரு டிராக்டர். சக்கரம் சேற்றில் இறங்கி அப்படியே நிற்கிறது. பின்னால் எடுக்கவும் வழியில்லை. எங்கள் வேன் சொல்லி வைத்ததுபோல நீல பெயிண்ட் அடித்த ஒரு வீட்டுக்கு நேராக நின்றது. முனீஸ்வரியைக் காணோம். குனிந்து பார்த்தால் இரண்டு சீட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பாம்பைத் தூக்கினவள்!

"போகச் சொல்லு கிருபை. ஒன் காலைப் பிடிக்கேன், போகச் சொல்லு."

"செத்த நேரம் பொறு, டிராக்டரு நிக்குது" என்றேன். அவள் எவ்வளவு நேரம் ஆகுமென்று பார்க்கத் தலையை மெல்லத் தூக்கினாள். அதே நேரம் நீல வீட்டிலிருந்து ஒரு அம்மாள் வெளியே வந்தாள். சோலைச்சாமியின் மனைவி வெள்ளத்தாய், முனீஸ்வரிக்கு மதினி.

அந்த அம்மாள் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று நீங்களே பாருங்கள். வாசலில் வெளியூர் வேன். ஜன்னலோரம் தலையில் கட்டோடு, ரத்தம் வடிய ஒரு பெண். வேன் நிறைய முடியை விரித்துப் போட்ட பெண்கள். நடுவில், எந்த நல்லதுக்கும் வராமல் இருந்த நாத்தனார் முனீஸ்வரி. உறவு முறிந்த வீட்டுக்கு அப்படி வருவதென்றால் எங்கள் பக்கம் ஒரே காரணம்தான், துட்டி, அதாவது சாவு. ஏதோ ஆக்சிடென்ட், முனீஸ்வரி புருஷன் பாண்டிதுரை போய்விட்டார் என்று நினைத்திருக்கிறாள். வாயில் வார்த்தை வரவில்லை. பெருங்குரல் எடுத்துக் கத்திக்கொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு வேனைப் பார்த்து ஓடிவந்தாள்.

மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தால் முனீஸ்வரி என்ன நினைப்பாள்? "அய்யோ, எங்கண்ணே!" என்று அலறியபடி எங்களை மிதித்துக்கொண்டு வேனிலிருந்து குதித்தாள். இரண்டு பேரும் தெருவில் கட்டிப் பிடித்து ஒரே அழுகை. நாங்கள் சும்மா இருப்போமா? இறங்கினோம், தோளில் கை போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம், அழுதோம். ஒப்பாரி வைக்கக்கூடாதென்று எங்கள் சபையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்போது அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு அந்த மனுஷரைத் தெரியாது, ஆனால் முனீஸ்வரியைத் தெரியுமே.

அவள் அழுத அழுகையை நான் எங்கும் கேட்டதில்லை.

"என் கூடப் பொறந்த பொறப்பே, ஒத்த அண்ணே! பஸ்ஸு படுத்துப்போச்சே, நான் ஓடி வந்தேனே அண்ணே! 'நில்லு தாயி'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னுருப்பேனே! நல்ல நாளுக்கெல்லாம் தெருவைப் பாத்துப் பாத்து உக்காந்திருந்தேனே! எம்மகளை மேடைக்குக் கூட்டிப்போக இனி யாரு இருக்கா? இந்தப் பாவி இன்னைக்கு வாரதுக்கு நேத்து வந்திருக்கக்கூடாதா!"

மதினி காதில் இது எதுவும் விழவில்லை, அவள் தனி ராகத்தில் அழுதுகொண்டிருந்தாள். தெருவே கூடிவிட்டது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தபோது, சுவரோரம் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். கையில் மண்வெட்டி. வயலில் வரப்பு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருக்கிறார், தலையிலிருந்து கால்வரை சேறு. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, முகத்துச் சேற்றில் இரண்டு கோடு விழுந்திருந்தது. பாவம், வேலைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஐயா, நீங்க எறந்தவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"நாந்தாம்மா சோலைச்சாமி" என்றார்.

நான் போட்ட கூச்சல் பிளவக்கல் அணைவரைக்கும் கேட்டிருக்கும். பேயில்லை, பிசாசில்லை என்று சொன்ன நானேதான் "பேய்! பேய்!" என்று வெங்கடேஸ்வரி மேல் போய் விழுந்தேன். முனீஸ்வரி திரும்பினாள். பார்த்தாள். எழுந்து போய் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள். "எருமை! உயிரோடயா இருக்க! உயிரோடயா இருக்க!" அடித்துவிட்டு அந்தச் சேற்றிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

மதினிக்கு இன்னும் தெளியவில்லை. "ஒன் வீட்டுக்காரரு எப்பிடித்தா போனாரு?" என்று கேட்டாள். "எங்க போனாரு? பேங்குல வாட்ச்மேன் டூட்டிக்குப் போயிருக்காரு" என்றாள் முனீஸ்வரி. அப்போதுதான் அந்த அம்மாள் கண் வெங்கடேஸ்வரி கையில் இருந்த டப்பாவில் விழுந்தது. "துட்டிக்கு வந்தவுக கையில பால்கோவா எதுக்கு?" என்றாள். எவளோ ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், அழுத வாயெல்லாம் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

அணைக்குப் போகவே இல்லை. நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சோறும், மதினி அவசரமாக வைத்த கருவாட்டுக் குழம்பும், தெருவில் ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்ததுமாக இலை நிறைந்துவிட்டது. மதினியே முனீஸ்வரி கையைப் பிடித்து உட்காரவைத்துப் பரிமாறினாள். ஜெனிலா தலைக்கட்டை அவிழ்த்துக்கொண்டே, நாங்கள் வந்த காரணத்தையும், முனீஸ்வரி இந்த வீட்டைச் சொன்னதையும் ஒளிக்காமல் போட்டு உடைத்தாள். எனக்கு அவளைக் கிள்ளலாம் போலிருந்தது.

சோலைச்சாமி சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்லிருக்கா" என்றார். "ராஜபாளையம் வாரப்பல்லாம் நானும் ஒங்க தெருமுனை வரைக்கும் வருவேன் தாயி. அதுக்கு மேல பயமாயிரும். திரும்பிருவேன்."

முனீஸ்வரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் தலையைத் தூக்காமல், "தையில பிரியாவுக்குக் கல்யாணம். முறைப்படி தட்டோட வந்து அழைக்கணும். இன்னைக்கு நான் டூர்தான் வந்தேன்" என்றாள். ரோஷம் இன்னும் ஒரு பிடி மிச்சம் இருந்தது.

"நீ எப்ப வேணாலும் வந்து அழை" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, எட்வின் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே மதினியும் ஒரு வாழைத்தாரோடு ஏறினாள். "எங்க கெளம்பிட்டீக?" என்று முனீஸ்வரி திகைத்தாள். "எம் மருமகளைப் பாக்க. போற வழியில மம்சாபுரத்துல இறங்கி, நான்தான் மாமன்னு சம்பந்தகாரவுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம். என்னை யாரும் அழைக்க வேண்டாம்" என்றார்.

வெயில் வந்திருந்தது. வேன் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்போது முனீஸ்வரி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அண்ணே, நான் அழ ஆரம்பிச்சப்பவே வந்துட்டியா?"

"ஆமா."

"பொறவு ஏன் அப்பிடியே நின்ன? ஒரு சத்தம் கொடுத்திருந்தா என்ன?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் கொரலைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு தாயி" என்றார். "இன்னும் செத்த நேரம் கேக்கணும்போல இருந்துச்சு."